எலுமிச்சம்பழம் இருக்கிறது, முட்டுக்கட்டை எங்கே?

புதுக் கார் வாங்குகிறவர் முதலில் என்ன செய்வார் என்று கேட்டால் தமிழ்நாட்டில் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். சந்தனம் குங்குமம் இட்டு, தேங்காய் சுற்றி உடைத்து, வண்டியை ஓரடி முன்னால் நகர்த்துவார். பழம் நசுங்கின பிறகுதான் மனசு ஆறும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகப் போகிற வாகனம். அதற்கு ஒரு காப்பு வேண்டும் என்று நினைப்பது மனுஷ சுபாவம்.

அதே கனவான் ஆறு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தம் வீட்டுப் போர்டிகோவில் காரை ஜாக்கி வைத்துத் தூக்குவதைப் பார்க்க வேண்டும். இடுப்பில் பழைய வேஷ்டி. தரையில் நேற்றைய பேப்பர். காருக்கு அடியில் ஏதோ 'கடகட' என்று சத்தம் கேட்கிறதாம். மெக்கானிக்கிடம் போனால் ஐந்நூறு, ஆயிரம் என்பானாம். தாமே பார்த்துவிடுவதென்று தீர்மானித்துவிட்டார். டிக்கியிலிருந்த ஜாக்கியை எடுத்து, கண்ணுக்குத் தோதான ஓரிடத்தில் முட்டுக் கொடுத்து, கம்பியைச் சுற்றி வண்டியை உயர்த்தி, மல்லாந்து படுத்துத் தலையையும் நெஞ்சையும் உள்ளே நுழைத்துவிட்டார். காப்பி கொண்டு வந்த மனைவி, "ஏங்க, இது விழுந்துடாதா?" என்று கேட்கிறாள். "கம்பெனி ஜாக்கிம்மா, அதெல்லாம் விழாது" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறக்காதவர், சக்கரத்துக்கு ஒரு கட்டை வைக்க மறந்துபோனார். மனைவி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அவர் சொன்ன பதில்தான் தவறு.

கம்பெனி ஜாக்கி என்பது எதற்காகக் கொடுக்கப்படுகிறது? வழியில் டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுவதற்காக. பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷமும் ஆள் காருக்கு வெளியே குந்தி உட்கார்ந்திருக்க வேண்டுமே தவிர, உள்ளே படுத்திருக்கக்கூடாது. அநேகமாக எல்லாக் கார் ஜாக்கிகளிலும் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். ஒரு காரின் படம், அதன் அடியில் ஓர் ஆள், அந்த ஆளின் மேல் சிவப்புக் கோடு. இதைப் படிக்க இங்கிலீஷ்கூடத் தெரிய வேண்டாம். ஆனால் ஜாக்கி டிக்கியின் பலகைக்கு அடியில் ஒளிந்து கிடப்பதால் அந்தச் சீட்டும் கூடவே ஒளிந்து கிடக்கிறது.

சிறிய கார் என்பதே எழுநூறு, எண்ணூறு கிலோ இருக்கும். ஏழு பேர் போகிற பெரிய கார்களில் சில ஒன்றரை டன்னையும் தாண்டும். ஒரு மூலையை மட்டும் தூக்கினாலும் இருநூறு, முந்நூறு கிலோ பாரம் அந்த ஒரு ஜாக்கியின் தலையில் நிற்கிறது. 25 கிலோ அரிசி மூட்டை பத்தை ஒரு கம்பியின் நுனியில் நிறுத்தி, அதற்குக் கீழே படுத்துக்கொள் என்றால் எவனாவது படுப்பானா?

ஜாக்கி தூக்குகிற சாமான். தாங்குகிற சாமான் அன்று. இந்த வித்தியாசம் கார் வைத்திருக்கும் வீடுகளில் புரிந்துகொள்ளப்படவே இல்லை.

போர்டிகோவின் சாய்வு

நம் ஊர் வீடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. கார் நிறுத்தும் போர்டிகோவைக் கொத்தனார் சமமாகக் கட்டுவதில்லை. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தெருப்பக்கம் ஓட வேண்டும் என்பதற்காக வாட்டம் கொடுத்துத்தான் கட்டுவார். அது நல்ல கொத்து வேலை. ஆனால் தண்ணீருக்கு எது வழியோ அதுவே சக்கரத்துக்கும் வழி. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வில், தூக்கின வண்டி நான்கு அங்குலம் நகர்ந்தால் போதும். ஜாக்கி குடை சாய்ந்துவிடும்.

"கியரில் போட்டிருக்கிறேனே!" என்பார்கள். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். இன்றைய சிறு கார்களில் மிகப் பெரும்பாலானவை எஞ்சின் முன் சக்கரங்களை இழுக்கிற ஜாதி. இரண்டு முன் சக்கரங்களும் தரையில் இருக்கும்வரை கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஒரு முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கதை மாறிவிடுகிறது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் என்கிற பல்சக்கரத் தொகுதி, அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருள இடம் கொடுத்துவிடும். எஞ்சின் அசையாமலே வண்டி நகரும். ஆட்டோமாட்டிக் கார்களில் 'பார்க்' என்று போட்டு வைப்பதற்கும் இதே கதிதான். ஹாண்ட் பிரேக்கோ பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்களை மட்டும் பிடிப்பது. பின்புறம் முழுவதையும் தூக்கிவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி.

ஆகையால் கியரும் வேண்டும், ஹாண்ட் பிரேக்கும் வேண்டும், அவற்றோடு சக்கரத்துக்குக் கட்டையும் வேண்டும். தூக்கப் போகிற மூலைக்கு எதிர் மூலையிலுள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு வடிவத்தில் சீவின இரண்டு மரக்கட்டைகளை இறுக்கி வைத்துவிட்டால் பாதி அபாயம் தீர்ந்தது.

இது தமிழனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தை அன்று. தேர் ஓடுகிற ஊர்களில் போய்ப் பார்த்தால் தெரியும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையில்தான் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியிருக்கிறார்கள்; அப்படியும் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போய்விடவில்லை. பேச்சு வழக்கில் காரியத்தைக் கெடுப்பவனை 'முட்டுக்கட்டை' என்கிறோம். பாவம், அது எத்தனை பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறதோ!

கட்டைக்குப் பதில் பலர் செங்கல்லை வைக்கிறார்கள். இன்னும் சிலர் ஜாக்கிக்கு உயரம் போதவில்லை என்று அதற்கு அடியிலேயே செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்குகிறார்கள். சுவரில் பரவலாகப் பாரம் தாங்கும் கல், ஓரிடத்தில் குத்தும் பாரத்தைத் தாங்காது. அதுவும் வளைவதில்லை, முனகுவதில்லை, திடீரென்று பொடியாகிவிடும். மண் தரையானால் ஜாக்கிக்கு அடியில் ஓர் அங்குல கனமுள்ள அகலமான பலகையைப் போட வேண்டும். மழை பெய்து ஊறின மண்ணானால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம்.

அந்த ரப்பர் வில்லை

இப்போது கார்க்காரர்களிடையே ஒரு புது வழக்கம் பரவியிருக்கிறது. கம்பெனி ஜாக்கியைச் சுற்றிக் கை ஓய்ந்துபோனவர்கள், ஒர்க்ஷாப்பில் இருப்பதைப் போன்ற சக்கரம் வைத்த ட்ராலி ஜாக்கியைத் தாமே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கைப்பிடியை நாலு தடவை ஏற்றி இறக்கினால் வண்டி எழும்பிவிடுகிறது. பிரமாதமான வசதிதான். ஆனால் ஜாக்கியை வாங்குகிறவர், அதன் தலையில் வைக்க வேண்டிய ரப்பர் வில்லையை வாங்குவதில்லை. கடைக்காரரும் எடுத்துச் சொல்வதில்லை. அதென்ன, காருக்குத் தலையணையா என்று சிரிப்பவர்களும் உண்டு.

சிரிக்கிற விஷயம் அன்று. காரின் கதவுகளுக்குக் கீழே, வண்டியின் அடிவிளிம்பில், புடவைக் கரை மாதிரி நீளமாக ஒரு தகட்டு மடிப்பு ஓடும். இரண்டு தகடுகளை ஒன்று சேர்த்துப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்த இடம் அது. பல கார்களில் அந்த மடிப்பில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும், இரண்டிரண்டு சின்ன வெட்டுகள் அடையாளமாக இருக்கும். அந்த இரு வெட்டுகளுக்கு நடுவேதான் பாரம் தாங்கும்படி உள்ளே தகடு பலப்படுத்தப்பட்டிருக்கும். வண்டியைத் தூக்க வேண்டிய இடம் அதுதான். கம்பெனி ஜாக்கியின் தலையில் இந்த மடிப்பு உட்காருவதற்கென்றே ஒரு பிளவு வைத்திருப்பார்கள். ட்ராலி ஜாக்கியின் தலையோ தட்டையான இரும்புக் கிண்ணம். அதை நேரே கொடுத்துத் தூக்கினால் அத்தனை பாரமும் அந்த மெல்லிய மடிப்பின் நுனியில் விழுகிறது. மடிப்பு அப்பளம் மாதிரி மடங்கும். பெயிண்ட் வெடிக்கும். கடற்கரை ஊரானால் அங்கேயே துரு குடியேறிவிடும். இவையெல்லாம் காருக்கு வரும் கேடு. ஆளுக்கு வரும் கேடு வேறே: இரும்பின் மேல் இரும்பு வழுக்கும், மடிப்பு மடங்குகிற அந்தக் கணத்தில் வண்டி சரியும்.

நல்ல வில்லை கெட்டி ரப்பரிலோ பாலியூரிதேனிலோ செய்ததாக இருக்கும். நடுவில் ஒரு காடி வெட்டியிருக்கும். அந்தக் காடிக்குள் மடிப்பு இறங்கிவிட, அதன் இரு பக்கமும் உள்ள தட்டையான அடித்தளம் ரப்பரின் மேல் உட்காரும்; பாரம் பரவும்; ரப்பர் பிடித்துக்கொள்ளும். காடியின் ஆழம் போதாமல் மடிப்பு அதன் அடியில் போய் முட்டுகிறதென்றால் அந்த வில்லை அந்தக் காருக்கு ஆகாது. ஜாக்கியின் கிண்ணத்துக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. வெடிப்பு விட்டிருந்தால் தூர எறிய வேண்டும். உயரம் போதவில்லை என்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வில்லைகளை அடுக்குவது சர்க்கஸ்காரன் வேலை. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனி ஹாக்கி ஆட்டத்துக்குப் பந்தாக வைத்து அடிக்கும் ரப்பர் வட்டில் காடி வெட்டி இந்தக் காரியத்துக்கு உபயோகிப்பவர்கள் இருக்கிறார்கள். அது மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குல கனமும் உள்ள கெட்டி ரப்பர். நம் ஊரில் சிலர் மரத்துண்டை வைக்கிறார்கள். கெட்டி மரமாயிருந்து, வெடிப்பில்லாமல் இருந்தால் சமாளிக்கும். பெட்டி அடிக்கிற மாம்பலகைத் துண்டு ரேகை வழியே பிளந்துவிடும்.

எல்லாக் கார்களுக்கும் ஒரே வில்லை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சில பி.எம்.டபிள்யூ கார்களில் மடிப்புக்குப் பதிலாக அடியில் சதுரமான குழிகள் இருக்கும். அவற்றில் நுழையும் கட்டை வடிவ வில்லை தேவை. டெஸ்லா கார்களில் துளைக்குள் சொருகி நிற்கும்படியான வில்லை உண்டு. மின்சாரக் கார்கள் நம் தெருக்களிலும் பெருகிவிட்ட இந்த நாளில் இது முக்கியமான சங்கதி. பல மின்சாரக் கார்களில் தளத்துக்கு அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, பாயை விரித்த மாதிரி பாட்டரிப் பெட்டி படுத்திருக்கிறது. ஜாக்கியின் தலை இரண்டு அங்குலம் உள்ளே தள்ளிப் போனால் அதன் மேல் குத்தும். காரிலேயே விலை அதிகமான பாகம் அதுதான். காயப்பட்டால் தீப்பிடிக்கக்கூடிய பாகமும் அதுதான்.

ட்ராலி ஜாக்கியைப் பற்றி மற்றொரு விஷயம். அதன் கை மேலே எழும்பும்போது நேர்கோட்டில் போவதில்லை. வில் மாதிரி வளைந்து போகிறது. அதற்கு ஈடுகொடுத்து ஜாக்கி தன் சக்கரங்களின் மேல் முன்னே நகர வேண்டும். வழவழப்பான கெட்டித் தரையில் தானாக நகரும். மண்ணிலோ, பேவர் பிளாக் இடுக்கிலோ, ஒரு சின்னக் கூழாங்கல்லிலோ சக்கரம் சிக்கிக்கொண்டால் நகராது; நகராவிட்டால் தலை வழுக்கும், அல்லது வண்டியை இழுக்கும். பெருக்கிவிட்டு வேலையைத் தொடங்கு என்று பெரியவர்கள் சொல்வது கோலத்துக்கு மட்டும் அன்று.

தூக்கின பிறகு

வில்லையும் கட்டையும் இருந்துவிட்டால் அடியில் நுழையலாமா? கூடாது. வில்லை வண்டியை ஒழுங்காகத் தூக்க உதவுகிறது, அவ்வளவுதான். ஹைட்ராலிக் ஜாக்கி நிற்பது உள்ளே இருக்கும் எண்ணெயின் பலத்தில். அந்த எண்ணெயைக் காப்பது ஒரு சின்ன ரப்பர் வளையம். அது தேய்ந்தால் வண்டி சத்தமில்லாமல் இறங்கும். யாராவது கைப்பிடியில் இடறினாலும் போதும். தூக்கின பாரத்தை இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் இறக்கி வைத்த பிறகுதான் உள்ளே கைகூட நீட்டலாம்.

சென்னையில் வெள்ளத்துக்குப் பயந்து வீட்டையே ஜாக்கி வைத்து உயர்த்துகிறார்கள். அவர்கள்கூட வீட்டை ஜாக்கியின் தலையில் விட்டுவிட்டுப் போவதில்லை. அடியில் சுவர் எழுப்பி, வீட்டை அதன் மேல் உட்கார வைத்துவிட்டுத்தான் ஜாக்கியை உருவுகிறார்கள். வீட்டுக்கு உள்ள நியாயம் காருக்கு ஏன் இல்லை?

ஸ்டாண்டு என்று விற்பதெல்லாம் ஸ்டாண்டு அன்று. 2020-ம் வருஷம் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவி விற்பனை நிறுவனம், ஏறக்குறைய 17 லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. பாரம் அசைந்தபோது பல்லில் மாட்டியிருக்க வேண்டிய கொக்கி நழுவி, ஸ்டாண்டு திடீரென்று இறங்கிவிட்டது. அவற்றுக்குப் பதிலாகக் கொடுத்தவற்றிலும் வெல்டிங் சரியில்லை என்று அதே வருஷம் மறுபடியும் ஒரு அறிவிப்பு! பரிசோதனையும் சட்டமும் உள்ள தேசத்திலேயே இந்தக் கதி. ஆகவே வாங்கும்போது பாரக் கணக்கு பொறித்திருக்கிறதா, அந்தக் கணக்கு ஒன்றுக்கா ஜோடிக்கா, வெல்டிங் முழுசாக ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொக்கியோடு குறுக்கு ஊசியும் உள்ளதானால் நல்லது. வண்டியை இறக்கி வைத்த பின் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்க வேண்டும்; விழுவதானால் அப்போதே விழட்டும். ஜாக்கியையும் எடுத்துவிடாமல் தொட்டுக்கொண்டிருக்கும்படி விட்டுவைத்து, கழற்றின சக்கரத்தை விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டால் மூன்றாவது காப்பும் ஆயிற்று. சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட வேண்டும் என்பது கார்க்காரர் பலருக்கும் தெரியும். தூக்கின வண்டியில் தொங்கிக்கொண்டு ஸ்பானரை மிதிக்கிறவர் கூடவே வண்டியையும் ஆட்டுகிறார் என்பதுதான் அதன் காரணம்.

"முப்பது வருஷமாக ஜாக்கியும் நாலு செங்கல்லுமாகத்தான் பார்க்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லும் பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. உண்மைதான். ஆனவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள் அல்லவா?

"எதற்கு இந்த வம்பு? மெக்கானிக்கைக் கூப்பிட்டால் போகிறது" என்பவர்களுடைய யோசனையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மெக்கானிக்கும் ஒரு மனிதர்தான். சாலையோரப் பஞ்சர்க் கடையிலும் மரத்தடி ஒர்க்ஷாப்பிலும் வெறும் ஜாக்கியின் கீழே நுழைந்து வெளிவருகிற பையனுக்கு ஸ்டாண்டு வாங்கிக்கொடுக்க முதலாளிக்கு மனம் வருவதில்லை. காரை விட்டு இறங்கி, செல்போனைப் பார்த்தபடி நிற்கிற சொந்தக்காரர், "தம்பி, ஸ்டாண்டு வைத்துக்கொள், நான் காத்திருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்து போகும்? அவசரப்படுத்துகிறவரே பெரும்பாலும் அவர்தான்.

குற்றம் முழுவதையும் கார்க்காரர் தலையில் கட்டிவிடுவதும் நியாயமாகாது. கார் விற்கும் கம்பெனிகள் எத்தனையோ பக்கங்களில் கையேடு கொடுக்கின்றன. இங்கிலீஷ் தெரியாதவர் அதில் படம் பார்க்கலாம். ஜாக்கி வைக்கும் இடத்தைக் காட்டும் ஒரே ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சடித்து டிக்கியின் மூடியில் ஒட்டினால் கம்பெனி முழுகிவிடாது. எட்டுப் போடச் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் பள்ளிக்கூடங்கள், லைசென்ஸ் வாங்கித் தருவதற்கு முன் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் கட்டாயப் பாதுகாப்புத் தரம் வகுத்து, எச்சரிக்கை வாசகம் இல்லாமல் விற்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இங்கேயும் அப்படிச் செய்வதற்கு நியாயம் உண்டு. காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் இருந்தால் ட்யூப்லெஸ் டயர் கார்களில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்திவிட்டது. ஸ்டெப்னியே இல்லாத காருடன் கம்பெனி ஜாக்கியை எதற்குத் தரும்? கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு ஜாக்கியை, ஏதோ ஓரிடத்தில் வைத்துத் தூக்குகிறவர்கள் இனிமேல்தான் அதிகமாகப் போகிறார்கள்.

கார் வாங்குகிற அன்றைக்கு விற்பனை நிலையத்தில் நடக்கும் கோலாகலம் ஊரறிந்தது. மாலை போடுகிறார்கள், பெரிய சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள், கை தட்டுகிறார்கள், லட்டுப் பெட்டி கொடுக்கிறார்கள். அதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, டிக்கியின் பலகையைத் தூக்கி, "சார், இது ஜாக்கி, இங்கே வைத்துத்தான் தூக்க வேண்டும், இதற்கு மேல் இந்த ரப்பரை வையுங்கள், தூக்கின பிறகு அடியில் போகாதீர்கள்" என்று ஒரு சக்கரத்தை உயர்த்திக் காட்டட்டும். வீட்டம்மாவும் கூட நின்று பார்க்கட்டும். ஒரு ஜோடி ஸ்டாண்டும், இரண்டு மரக்கட்டையும், ஒரு ரப்பர் வில்லையும் சேர்ந்து ஒரு டயரின் விலைக்குள் அடங்கிவிடும். அதையும் அங்கேயே பில்லில் சேர்த்துக்கொள்ளட்டும். எலுமிச்சம்பழம் அதற்குப் பிறகு நசுங்கலாம்.